இராக்கள்வனும் கோழிக்கூடும்

மனிதன் தன் இல்லத்தோடு சேர்த்துக்கொண்ட உயிர்களுள் அவனை முற்றாக நம்பி வாழ்வது கோழியே எனலாம். மாட்டுக்குக் கொம்பு உண்டு. நாய்க்குப் பல் உண்டு. பூனை மதிலேறித் தப்பும். கோழிக்கோ நெடுந்தூரம் பறக்கமாட்டாத சிறகும், இருளிற் காணமாட்டாத கண்ணுமே உள்ளன. அந்தி மயங்கியதும் அது தானாகவே மனையை நாடி வருகின்றது, கூட்டினுள் ஒடுங்குகின்றது, கதவைச் சாத்தும் வேலையை நம்மிடம் விட்டுவிடுகின்றது. அக்கதவு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இஃது இலக்கியப் பக்கத்துக்கு ஏற்ற பொருளோ எனக் கற்றோர் ஐயுற வேண்டா. சங்கச் சான்றோர் இதனைச் சிறிதெனக் கருதினாரல்லர்.

சான்றோர் கண்ட காட்சி

குறுந்தொகையின் 139 ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்குத் தோழி வாயில் மறுப்பதாக அமைந்தது. அதிலே ஓர் உவமை வருகின்றது. மாலைப் பொழுதில் வேலியோரம் காட்டுப்பூனைகள் வந்துவிட்டன. வீட்டுக் கோழி அதனை உணர்ந்துகொண்டது. போய்ப் புகுவதற்கு ஓரிடம் தெரியவில்லை. அஞ்சிய குஞ்சுகளை ஒன்றுசேர்க்க அது கூவிக் கதறுகின்றது. அக்கூச்சலை ஊரார் தூற்றும் பழிச்சொல்லின் ஆரவாரத்துக்கு உவமையாக்கினார் புலவர்.

இவ்விடத்து நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வெருகின் நகத்தையோ பல்லையோ புலவர் காட்டவில்லை, குருதியையும் காட்டவில்லை. புகுமிடம் இல்லாமையையே காட்டினார். பேடையின் துயருக்கு வேராவது பகைவன் வந்தது மட்டுமன்று. புகல் இல்லாததே என்பதை அவர் எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கின்றார்!

அதே தொகையின் 107 ஆம் பாட்டில் மதுரைக் கண்ணனார் காட்டும் தலைவி, கணவனோடு துயின்றவளைக் கூவி எழுப்பிய சேவலைச் சினந்து, அது வெருகின் குட்டிக்கு இரையாகட்டும் எனச் சபிக்கின்றாள். சினத்தின் உச்சியில் அவள் நாவில் எழுந்தது வெருகின் பெயரே. கோழி வளர்த்த அக்கால மனைகளில் அவ்வச்சம் எவ்வளவு பழகியதாயிருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தொல்காப்பியனாரும் மரபியலில் இவ்வுயிர்களை விட்டாரல்லர். மூங்கா எனப்படும் கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் குட்டி என்னும் பெயர் உரியது என்பர். பெண்பாற் பெயர்களுள் அளகு என்பது கோழிக்கும் கூகைக்கும் உரியது என்பர். பகலெல்லாம் முற்றத்திலே கிளறும் கோழியும், இரவெல்லாம் மரக்கிளையிலிருந்து பார்க்கும் கூகையும் ஒரு பெயரிற் கூடியது வியப்பன்றோ? வகுப்பறையில் இந்நூற்பாக்களை மனனஞ் செய்யும் மாணவர், அப்பெயர்களுக்குரிய உயிர்கள் தம் வீட்டுக் கோடிப்புறத்திலேயே உலாவுவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

பூநகரியின் இராக்கள்வர்

வன்னிப் பெருநிலத்தின் வடமேற்கில், யாழ்ப்பாணக் கடனீரேரியை நோக்கிக் கிடப்பது பூநகரி. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் விரித்த கோட்டை ஒன்று இங்குண்டு. மொட்டைக்கறுப்பன் என்னும் செந்நெல்லுக்குப் பேர்போன வயல்களும், பனந்தோப்புகளும், மணற்பரப்பும் உண்டு. மேற்கே நீண்டு கிடக்கும் ஊருக்குக் கௌதாரிமுனை என்பது பெயர். புதரிலே வாழும் ஒரு பறவையின் பெயரையே நம் முன்னோர் ஊருக்கு இட்டனர். காட்டுயிரும் ஊருயிரும் அடுத்தடுத்து வாழும் நிலம் இஃது என்பதற்கு அப்பெயரே போதும்.

இந்நிலத்தில் கோழிக்குப் பகைவர் இருவேளையர். பகலிலே பருந்தும் வல்லூறும் வானிலிருந்து குஞ்சைக் கவரும். கீரி வேலிப் பொட்டினால் நுழையும். சாரையும் நாகமும் முட்டைக்கு வரும். இரவு வந்ததும் காவல் மாறுவதுபோலக் கள்வரும் மாறுவர். நரி வயல் வரம்பினால் வரும். காட்டுப்பூனை புதரிலிருந்து வரும். புனுகுப்பூனை நிலத்தோடு ஒட்டி ஊர்ந்து வரும். மரநாயோ மேலிருந்து வரும்.

மரநாய் என்பது பெயரளவிலேதான் நாய். அது நாயினத்தைச் சேர்ந்ததன்று; புனுகுப்பூனைக்கு உறவானது. நீண்ட உடலும் உடலளவு நீண்ட வாலும் உடையது. பகல் முழுவதும் மரப்பொந்திலோ கூரை முகட்டிலோ உறங்கி, இருண்டபின் இறங்கும். பனையிற் கட்டிய முட்டியிலே கள்ளைக் குடித்துவிடுவதால் ஆங்கிலேயர் இதற்குக் கள்ளுப்பூனை என்று பொருள்படும் பெயரும் இட்டனர். ஜாவா முதலிய தீவுகளில் இது தின்று கழித்த கோப்பிக் கொட்டையைக் கழுவி, வறுத்து, பெருவிலைக்கு விற்கின்றனர். இதன் முதன்மையான உணவு பழமே. பாலைப்பழமும் நாவற்பழமும் பனம்பழமும் உள்ளபோது அது பெரிதும் அவற்றையே நாடும். எலியையும் பூச்சியையும் தின்னும். வாய்ப்புக் கிடைத்தால் கோழியையும் விடாது.

எவன் வந்து போனான் என்பதை விடியலிற் கண்டறியலாம். குருதி சிந்தாமல் முட்டையும் குஞ்சும் மறைந்தால் பாம்பை நினைக்க வேண்டும். முட்டை ஓடுகள் உடைந்து கிடந்தால் கீரியை நினைக்க வேண்டும். இறகு வழிநெடுகச் சிந்தி, முழுக்கோழியே போயிருந்தால் நரியோ காட்டுப்பூனையோ என்று கொள்ளலாம். கழுத்திலும் தலையிலும் கடியுண்டு, பல கோழிகள் கூட்டினுள்ளேயே கிடந்தால் மரநாயின் மீதும் புனுகுப்பூனையின் மீதும் ஐயம் செல்லும். நாயும் இவ்வாறு செய்வதுண்டு.

ஒரு கொடுமையும் அதன் காரணமும்

எம் அயலில் ஒரு முதியவர் பேர்த்தியோடு தனித்து வாழ்கின்றார். பேர்த்தியின் படிப்புச் செலவில் ஒரு பங்கு முட்டை விற்ற காசிலே நடக்கின்றது. ஒருநாட் காலை அவர் படலையடியில் நின்று, “பண்டிதரையா, அடைகிடந்த கோழியோட எட்டு உருப்படி போச்சுது. பசிக்கு ஒண்டைத் திண்டிருந்தால் மனம் ஆறும். எல்லாத்தையும் கடிச்சுப் போட்டிட்டெல்லோ போயிருக்கு!” என்றார்.

அவருடைய துயரில் இழப்பு ஒரு பாதி, வியப்பு மறுபாதி. தின்னாததை ஏன் கொன்றது? இவ்வினா உலகெங்கும் கோழி வளர்ப்போர் கேட்பது. கொடுமையே அதன் இயல்பு என்று பலர் முடிவு கட்டிவிடுவர். விலங்கியலறிஞர் கூறுவது வேறு. ஹான்ஸ் குரூக் என்பார் 1972 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இதனை விரித்துரைத்தார். இருண்ட இரவுகளில் நிலத்திலே கூடியிருக்கும் கடற்பறவைகள் எழுந்து பறக்காமல் இருந்துவிட, நரிகள் தம் தேவைக்கு மிஞ்சிப் பலவற்றைக் கொன்றதை அவர் எடுத்துக்காட்டினார்.

காட்டிலே வேட்டை விலங்கு ஒன்றைப் பற்றியதும் ஏனையவை ஓடிவிடும். வேட்டை அத்தோடு முடியும். ஓட்டமே வேட்டைக்கு முற்றுப்புள்ளி. அடைத்த கூட்டிலோ ஓட வழியில்லை. கண் தெரியாத கோழிகள் சிறகடித்து அதன் முகத்திலேயே வந்து மோதுகின்றன. அசைவு நிற்கும்வரை கடியும் நிற்பதில்லை. ஆகவே, எட்டு உயிர் போனதற்கு மரநாயின் பல் ஒரு காரணம். கூட்டின் சுவர் மற்றொரு காரணம்.

இதுவே யாம் வற்புறுத்த விரும்பும் உண்மை. அரைகுறையான கூடு, கூடு இல்லாமையினும் கேடானது. காட்டுக்கோழி இரவிலே மரக்கிளையில் அடையும். நம் ஊர்க்கோழியும், விட்டால், முருங்கையிலோ பூவரசிலோ ஏறிக்கொள்ளும். ஆங்கே மரநாய் ஏறினால் ஒன்று போகும். மற்றவை சிறகடித்துக் கீழே விழுந்தாவது தப்பும். அம்மரத்தை விட்டு அதனைக் கூட்டினுள் அழைத்தவர் நாம். அழைத்தபின் சுவரில் ஓர் ஓட்டையை விட்டுவைத்தால் அது புகலிடமாகாது, பொறியாகும்.

இதனோடு இன்னொன்றையும் எண்ணல் வேண்டும். 2008 ஆம் ஆண்டில் போர் இவ்வூரைக் கடந்தபோது மக்கள் அனைத்தையும் விட்டுப் பெயர்ந்தனர். ஆளற்ற வளவுகளில் புதர் மண்டியது. 2009 ஆம் ஆண்டின் பின் மீண்டவர்களுக்கு வாழ்வாதார உதவியாக வழங்கப்பட்ட பொருள்களுள் கோழிக்குஞ்சுகளும் இருந்தன. ஆண்துணையிழந்த குடும்பங்கள் பலவற்றுக்குக் குஞ்சுகளே முதற் கைம்முதலாயின. ஆயின், குஞ்சு கொடுக்கும் உதவி கூட்டைப் பற்றியும் கவலைப்பட்டாலன்றி நிறைவெய்தாது. மீண்டவர் பலர் தறப்பாளின் கீழும் தகரக் கொட்டிலிலும் வாழ்ந்த நாள்களில், கோழிக்கு மட்டும் நல்ல கூடு எங்கிருந்து வரும்? புகலறியாப் பேடையின் கூவலை நூலிற் படிப்பதற்கும், புகலின்றி நின்ற ஊரிலிருந்து படிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

கனடாவின் முகமூடிக் கள்வன்

நம்மவர் பலர் குடியேறிய கனடாவில் இவ்வேலையைச் செய்வது ரக்கூன் என்னும் விலங்கு. வட அமெரிக்காவுக்கு உரியது. இலங்கைக் காடுகளில் இல்லை. கண்களைச் சுற்றிக் கரிய முகமூடி அணிந்தாற்போன்ற தோற்றமும், வளையமிட்ட வாலும் கொண்டது. அதன் பெயர் வட அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியொன்றிலிருந்து வந்தது. கைகளால் தேய்ப்பது, பிறாண்டுவது என்பது அதன் பொருள். பெயரிட்டோர் அதன் கையையே கண்டு பெயரிட்டனர். மரபியல் கற்ற நமக்கு இது மகிழ்ச்சி தருவதன்றோ?

அக்கையின் திறம் பெரிது. 1907 ஆம் ஆண்டில் டேவிஸ் என்பார் வெளியிட்ட ஆய்வில், ரக்கூன்கள் 13 பூட்டமைப்புகளுள் 11 ஐத் திறக்கக் கற்றுக்கொண்டன என்று காண்கின்றோம். ரொறன்ரோ மாநகரம் 2016 ஆம் ஆண்டிலிருந்து, ரக்கூன் திறக்கமாட்டாத பூட்டுடைய கழிவுத்தொட்டிகளை வீடுதோறும் வழங்கலாயிற்று. ஒரு பெருநகரமே ஒரு விலங்கின் விரலுக்கு ஈடுகொடுக்க முயன்ற கதை அது. அந்நாட்டிற் கோழி வளர்ப்போர் கூறும் பாடம் நமக்கும் பொருந்தும். அறுகோணக் கண்ணுடைய மெல்லிய கோழிவலை, கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிக் கள்வனை வெளியே நிறுத்தாது. ரக்கூன் அதனைக் கிழித்துவிடும். இல்லையேல் கண்ணினூடே கையை விட்டுக் கோழியை இழுக்கும். வேலி என்பது யாருக்காகக் கட்டப்படுகின்றது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

கூடு கட்டும் முறை

நம் முன்னோர் குஞ்சுகளைக் கரப்பினால் மூடினர். கரத்தல் என்றால் மறைத்தல். அதனடியாகப் பிறந்த கரவு என்னும் சொல் களவையும் குறிக்கும். காப்பவனுக்கும் கள்வனுக்கும் மறைத்தலே தொழில் போலும்! பகலிற் பருந்துக்குக் கரப்பு இன்றும் சிறந்த காவலே. இரவுக்கு அது போதாது; மரநாய் அதனைப் புரட்டிவிடும்.

இரவுக் கூடு நிலத்திலிருந்து மூன்றடியேனும் உயர்ந்திருத்தல் நன்று. பூநகரியின் மணல் தோண்டுதற்கு எளியது. நரிக்கும் நாய்க்கும் நிலத்துக் கூடு விருந்தாகும். பாலைமரக் கப்புகள் நான்கை நட்டு, பனஞ்சிலாகையாற் சட்டம் அமைக்கலாம். தென்னையில் எலி ஏறாதிருக்கத் தகரம் சுற்றும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அத்தகரத்தையே ஒவ்வொரு கப்பிலும் ஓரடி அல்லது ஒன்றரையடி அகலத்துக்கு வழவழப்பாகச் சுற்றிவிட்டால், ஏறுவோருக்கு நகம் பற்றாது. கூட்டின் மேலே தாழ்ந்திருக்கும் கிளைகளை ஆறடி தூரத்துக்கு வெட்டிவிடல் வேண்டும். இல்லையேல் மரநாய் கப்பை நாடாது. கிளையினால் இறங்கி, கூரையைப் பிரிக்கும். கிடுகும் ஓலையும் மழைக்கு ஆகும், மரநாய்க்கு ஆகா. ஆதலின், ஓலையின் கீழே கம்பிவலையையும் விரித்துக் கட்டுக.

வலை, கம்பிகள் சந்திக்குமிடமெல்லாம் உருக்கி ஒட்டப்பட்ட தடித்த வலையாக இருத்தல் வேண்டும். கண்ணின் அகலம் அரை அங்குலம், அஃதாவது ஏறத்தாழ 12 மில்லிமீற்றர், போதும். தலை நுழைந்தால் உடலும் நுழையும் என்பது இவ்விலங்குகளின் கணக்கு. வலையைச் சட்டத்தின் உட்புறத்தில் ஒட்டாமல் வெளிப்புறத்தில் அறைதல் நன்று. அப்போது வெளியிலிருந்து தள்ளும் விசை ஆணியைப் பெயர்க்காது. விலைகொடுத்து முழுவதற்கும் வலை வாங்க இயலாதோர், சுவருக்கு நெருக்கமாகப் பனஞ்சிலாகை அறைந்து, காற்று வரும் சாளரத்துக்கு மட்டும் வலை இடலாம். காற்றின்றிக் கூட்டை அடைத்துவிடுதலும் தவறு. வெம்மையும் ஈரமும் கோழிக்கு நோய் தரும்.

நிலத்திலேயே கூடு உள்ளவர்கள், சுவரின் அடியிலிருந்து வெளிப்புறமாக ஓரடி அகலத்துக்கு வலையைப் படுக்கவைத்து மண்ணால் மூடுக. தோண்டும் விலங்கு சுவரின் அடியிலேதான் தோண்டத் தொடங்கும். வலை தடுத்ததும் சலித்துவிடும். ஓரடி பின்வாங்கித் தோண்டும் அறிவு அதற்கு எளிதில் வருவதில்லை.

கதவுக்கு ஒரு கொளுக்கி போதாது. மேலும் கீழும் இரண்டு வேண்டும். கதவின் இடுக்கு விரலளவுக்கு மிஞ்சக்கூடாது. யாவற்றினும் மேலானது காலம். வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரம் வகுத்து, காக்கை கூகையை வெல்லும் வேளையை முதலில் வைத்துக் காட்டியது வீணன்று. கோழிகள் அடைந்ததும் எண்ணிப் பார்த்து, முற்றும் இருளுமுன் கதவைச் சாத்துக. நன்கு விடிந்தபின் திறக்குக. சிந்திய தீனியை மாலையிற் கூட்டிவிடுக. தீனி எலியை அழைக்கும். எலி பாம்பையும் வெருகையும் அழைக்கும். விளக்கு வைத்தாற் போதும் என்பர் சிலர். சில நாள் அஞ்சும் விலங்கு பின் பழகிவிடும். நல்ல நாய் துணையாகும். ஆயின், நாய் கதவுக்கு ஈடாகாது.

கள்வனைக் கொல்லலாமா?

இழந்தவர் மனத்தில் எழும் முதல் எண்ணம் நஞ்சே. செத்த கோழியிற் பயிர்மருந்தைத் தடவி வேலியில் வைத்துவிட்டால் தொல்லை தீரும் என்பர். அந்நஞ்சு பெயர் கேட்டு உண்பவனைத் தெரிவதில்லை. அயல்வீட்டு நாய் உண்ணும், காகம் உண்ணும், பாம்பைத் தின்னும் கீரி உண்ணும். எலியைத் தின்று வயலைக் காக்கும் கூகை, நஞ்சுண்டு தளர்ந்த எலியைப் பற்றினால் அதுவும் மடியக்கூடும். முற்றத்தில் விளையாடும் குழந்தையின் கையும் அதன்மீது படலாம். இறைச்சியில் மறைக்கும் வெடியும் அத்தகையதே. பன்றிக்கென வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்து இறந்த யானைகள் இந்நாட்டிற் பல.

கொன்றாலும் பயன் நிலையாது. ஒரு மரநாய் ஒழிந்த இடத்துக்கு அடுத்த தோப்பிலிருந்து இன்னொன்று வரும். ஓட்டை அப்படியே இருக்க, வருபவன் மட்டும் மாறுவான். அன்றியும், மரநாய் பழத்தை உண்டு, விதையைத் தொலைவிலே கழித்துச் செல்வதால் காட்டுக்கு விதைப்பாளனாகவும் விளங்குகின்றது. வருவோனைக் கொல்வது ஓயாத வேலை. வாயிலை அடைப்பது ஒருநாள் வேலை.

அந்த முதியவரின் வளவில் நஞ்சு வைக்க முற்பட்ட இளைஞர்களை எம் மாணவர் சிலர் தடுத்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு, இரண்டு நாளிற் கூட்டை உயர்த்திக் கட்டினர். புதிய கூட்டில் இப்போது ஐந்து கோழிகள் அடைகின்றன. மரநாய் அயலை விட்டுப் போகவில்லை; நாவல் பழுக்கும்போது அதன் எச்சம் மதிலிற் கிடக்கின்றது. அது தன் உணவைத் தேடிக்கொள்ளட்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடசாலைகளில் விவசாயம் கற்பிக்கின்றோம். மரபியலும் குறுந்தொகையும் கற்பிக்கின்றோம். இரண்டு வகுப்புகளும் ஒருநாள் ஒன்றுகூடித் துணையற்ற ஒரு மனையில் ஒரு கூடு கட்டிக் கொடுத்தால் என்ன? அளகு என்னும் சொல்லின் பொருளை மாணவர் பிறகு மறவார். நம்மை நம்பி அந்தியில் வந்து ஒடுங்கும் உயிருக்குப் புகுமிடம் அமைத்தல் அறம். அதனை ஓட்டையின்றி அமைத்தல் அவ்வறத்தின் நிறைவு.